ஆயில், கசடு, வாரண்டி: டர்பன் வண்டிக்காரர்களுக்கு

எஞ்சின் பழுதாகி வாரண்டி கேட்டுப் போனவருக்கு வரும் மறுப்புக் கடிதம் பெரும்பாலும் ரெண்டே வரிதான். எஞ்சினுக்குள் கசடு படிந்திருக்கிறது. பராமரிப்பு சரியில்லாததால் கோரிக்கை ஏற்கப்படவில்லை. முதல் வரி கண்ணால் பார்த்த உண்மை. ரெண்டாவது அதிலிருந்து அவர்களாக எடுத்துக்கொண்ட முடிவு. கசடு இருந்தாலே ஆயில் மாற்றாமல் விட்டுவிட்டார் என்று டீலர் நம்புகிறார், பக்கத்து வீட்டுக்காரர் நம்புகிறார், சில நேரம் வண்டிக்காரரே நம்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு புது எஞ்சினுக்குக் கடன் வாங்கப் போய்விடுகிறார். அது பாதிதான் சரி. மிச்சப் பாதியில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வீட்டுப் பின்புறத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர், எனக்குத் தம்பி முறை, ஒரு சின்ன ஹேட்ச்பேக்கின் டாப் கவரைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கேம்ஷாஃப்ட்டைச் சுற்றி ரோட்டுக்குத் தார் ஊற்றின மாதிரி கறுப்பு. ஸ்க்ரூட்ரைவர் முனையால் ஓரத்தைச் சுரண்டினால் கட்டியாகப் பெயர்ந்து வந்தது, விரலில் தேய்த்தால் நெருநெருவென்றது. மேலே போன ஆயில் திரும்பக் கீழே சம்புக்கு, அதாவது ஆயில் தேங்கும் அடித்தொட்டிக்கு, இறங்குகிற ஓட்டைகளில் ரெண்டு முழுக்க அடைத்திருந்தன. அப்புறம் சம்பையும் இறக்கி, ஆயில் பம்ப் உறிஞ்சுகிற குழாயின் முனையில் இருக்கும் வலையைக் காட்டினார். பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது. "அண்ணா, மீட்டரப் பாருங்க, 70,000 கூட ஓடல. புக்குல எல்லா சர்வீசுக்கும் சீல் இருக்கு" என்றார்.

சீல் இருக்கிறது, கசடும் இருக்கிறது. இது எப்படி?

ஆயில் கேனுக்குள் இருப்பது வெறும் எண்ணெய் இல்லை. அடிப்படை எண்ணெயோடு, அமிலத்தை முறித்து அழுக்கைக் கழுவ கால்சியம், மக்னீசியம் சேர்மங்கள், தேய்மானத்தைத் தடுக்க துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மம், கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் மிதக்க வைக்கும் டிஸ்பர்சன்ட் என்று பல சரக்கு கலந்திருக்கும். ஆயில் கறுத்துப் போச்சே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கறுப்பது பெரும்பாலும் டிஸ்பர்சன்ட் தன் வேலையைச் செய்வதால்தான். கவலைப்பட வேண்டியது இந்தச் சரக்கு தீர்ந்துபோகும்போது. தீர்ந்த பிறகு கரியும், சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்த எண்ணெயும், தண்ணீரும், எரியாத பெட்ரோலும் சேர்ந்து முதலில் மஞ்சள் பழுப்பு வார்னிஷாகப் படியும், பிறகு பிசுபிசுப்பாகும், கடைசியில் கட்டியாகும். சூடு 10 டிகிரி ஏறினால் ஆக்சிஜனேற்ற வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் எல்லாரும் சொல்கிற தோராயக் கணக்கு, அதனால்தான் டர்போ வைத்த சின்ன எஞ்சின்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கூட்டிக்கொண்டு கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். அதை உறிஞ்சித் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பத்தான் பிசிவி வால்வு என்ற சின்னச் சாமான் இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி அந்த வழியே போய்விடும். சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால் ஆயிலிலேயே தங்கிவிடும். டேஷ்போர்டில் வெப்ப முள் நடுவுக்கு வந்ததும் வண்டி சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூடு. ஆயில் முழுச் சூட்டுக்கு வர அதைவிட ரொம்ப நேரம் பிடிக்கும், 15, 20 நிமிஷம் கூட ஆகும்.

இப்போது நம் ஊர் ஓட்டத்தை யோசித்துப் பாருங்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவது, மெர்பேங்கிலிருந்து ப்ராஸ்பெக்டனுக்கு ஷிப்டுக்குப் போவது, சாயங்காலம் கோயில், கடை. எல்லாமே 10 கிலோமீட்டருக்குள். ஹிக்கின்சன் ஹைவேயில் நெரிசல் வந்தால் ஏசியைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறோம். கரன்ட் போய் ரோபோ, அதாவது டிராஃபிக் சிக்னல், அணைந்தால் நாலு பக்கமும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நகர்வதற்குள் இன்னும் கொஞ்சம். மீட்டர் ஏறவே ஏறாது, ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சராசரி மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவே புத்தகம் சொல்லும் 15,000 கிலோமீட்டர் ஓட 750 மணி நேரம் ஆகும். அதே 15,000 கிலோமீட்டரை என்3 நெடுஞ்சாலையில் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் டர்பனுக்குமாக மணிக்கு 100இல் ஓட்டினால் 150 மணி நேரம்தான். ஐந்து மடங்கு வித்தியாசம். ரெண்டு பேரும் அதே புத்தகம், அதே 15,000, அதே சீல்.

இதோடு எரிபொருளில் இருக்கும் கந்தகமும் சேர்கிறது. ஐரோப்பாவில் பெட்ரோல், டீசல் ரெண்டிலும் கந்தகம் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அடங்கிவிடும். இங்கே தென்னாப்பிரிக்காவில் இன்னமும் 500 பிபிஎம் டீசல் சட்டப்படி விற்கலாம், 50 பிபிஎம் தனி வகை. 10 பிபிஎம் கட்டாயமாவதற்கு 2027 ஜூலை 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். கந்தகம் எரிந்தால் அமிலம், அமிலத்தை முறிக்க ஆயிலில் இருக்கும் காரச் சரக்கு செலவாகும், அது சீக்கிரம் தீரும். ஐரோப்பாவில் 30,000 கிலோமீட்டர் ஆயில் என்று விளம்பரம் பார்த்துவிட்டு அதே எஞ்சின்தானே என்று இங்கே ஓட்டுவது சரிப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று புது டீசல் பக்கியில் (பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் வண்டி) 500 பிபிஎம் போடுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி அடைத்துக்கொண்டால் அவர்களே தெரிந்துகொள்வார்கள்.

உங்கள் வண்டியின் கையேட்டை எடுத்து சர்வீஸ் அட்டவணைப் பக்கத்தைத் தாண்டி இன்னும் ஒரு பக்கம் திருப்புங்கள். கடுமையான சூழ்நிலையில் ஓட்டுகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். குறுகிய தூரப் பயணம், அதிக நேரம் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது, தூசி, டிரெய்லர் இழுப்பது, நல்ல வெயில். அப்படி ஓட்டினால் ஆயிலைச் சீக்கிரம் மாற்று என்று போட்டிருக்கும், பல கையேடுகளில் பாதி இடைவெளி. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஓடுகிற கார்களில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் ஒன்றிலாவது விழும். டொங்காட் பக்கம் கரும்புத் தோட்ட மண் ரோட்டில் ஓடும் பக்கி என்றால் தூசியும் சேரும். ஆனால் வண்டி வாங்கும்போது விற்பனையாளர் 15,000 என்று மட்டும்தான் சொல்வார், 15,000 என்றால் சர்வீஸ் செலவு குறைவு என்று தெரிந்து வண்டி விற்கும். ஓட்டத்தைக் கேட்டு, ஐயா உங்களுக்கு 7,500 என்று சொல்லும் ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இன்னொரு பக்கம், மீட்டரே ஏறாத வண்டிகள். வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கும் டாக்டரிடமும் மட்டும் போய்வருகிற பெரியம்மாவின் கார், வருஷம் 4,000 கிலோமீட்டர் கூட ஓடாது. "இன்னும் 15,000 ஆகலையே, எதுக்கு வீண் செலவு" என்று ரெண்டு வருஷம், மூணு வருஷம் விட்டுவிடுவார்கள். அட்டவணையில் 15,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்தி வருகிறதோ அது, என்று தெளிவாகவே எழுதியிருக்கும். நன்றாகப் பராமரித்த கார் என்று வெளியே இருந்து பார்த்தால் தோன்றும் இந்த வண்டிகளில்தான் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் வெண்ணெய் நிறத்தில் நுரை ஒட்டியிருக்கும். அது தண்ணீர் கலந்த ஆயில். அந்த நிலையில் இருந்தால் ஒரு நல்ல நீண்ட ஓட்டமும் ஆயில் மாற்றமும் பெரும்பாலும் போதும். நுரை போகாமல் கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் கூலன்ட் ஆயிலோடு கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும், அது வேறு கதை.

சரி, எல்லாமே ஓட்டுகிறவர் தப்புதானா? இங்கேதான் அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்வது உதவும். 1997 முதல் 2002 வரை வந்த டொயோட்டா, லெக்சஸ் வண்டிகள் சிலவற்றில், 3.0 லிட்டர் வி6 எஞ்சினிலும் 2.2 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சினிலும், கசடு கட்டி எஞ்சின் போவதாகப் புகார்கள் குவிந்தன. கம்பெனி முதலில் சொன்னது ஆயில் மாற்றவில்லை என்றுதான். மாற்றினோம், பில் இருக்கிறது என்று வண்டிக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். கடைசியில் 2002இல் ஒரு சிறப்புத் திட்டம் வந்தது: வண்டி முதலில் விற்ற நாளிலிருந்து 8 வருஷம், கிலோமீட்டர் வரம்பு இல்லை, கசடால் வந்த சேதத்தைக் கம்பெனி சரிசெய்யும். சுமார் 33 லட்சம் வண்டிகள் அந்தத் திட்டத்துக்குள் வந்தன. வழக்கும் போட்டார்கள், 2007இல் சமரசமாக முடிந்தது. ஃபோக்ஸ்வாகன் பசாட், ஆடி ஏ4 ஆகியவற்றின் 1.8 டர்போ எஞ்சினுக்கும் அங்கே இதே கதி, 2004இல் அவர்களும் 8 வருஷ நீட்டிப்பு கொடுத்தார்கள். ஒரே இடைவெளியில் ஆயில் மாற்றிய நூறு விதமான எஞ்சின்களில் சிலதில் மட்டும் கசடு கட்டுகிறது என்றால், ஆயிலின் அளவு, ஹெட்டின் சூடு, பிசிவி வழி, டர்போவுக்குப் போகும் குழாய் என்று வடிவமைப்பையும்தான் கேட்க வேண்டும்.

அதே நேரத்தில், அங்கே வென்றவர்கள் கையில் என்ன இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பில் இருந்தது.

இன்றைக்கு இதே சண்டை வேறு உருவில் வருகிறது. ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் வைத்த எஞ்சின்கள். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ, சிட்ரோயன் வண்டிகளில் வரும் 1.2 ப்யூர்டெக். தப்பான ஆயில் போட்டாலோ, பெட்ரோல் கலந்த ஆயிலை நாள்கணக்கில் விட்டாலோ ரப்பர் பெல்ட் ஊறி, உரிந்து, அந்தத் துணுக்குகள் போய் ஆயில் வலையை அடைக்கும். ஐரோப்பாவில் 1.2 எஞ்சினுக்கு 10 வருஷம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை பாதுகாப்பை நீட்டித்தார்கள். இந்த எஞ்சின்கள் டர்பனிலும் ஏராளமாக ஓடுகின்றன, செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன, ஏன் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன என்று வாங்குகிறவர் யோசிப்பதில்லை. இவற்றில் ஆயில் எந்தத் தரம் என்பது உயிர்நாடி.

தரம் என்றதும் பலர் 5டபிள்யூ-30 என்ற எண்ணைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அது ஆயிலின் தடிமனைச் சொல்கிறது, அவ்வளவுதான். கேனின் பின்பக்கத்தில் ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3, விடபிள்யூ 504 00 என்று சின்ன எழுத்தில் இருக்கும் தரக் குறியீடுதான் எந்த எந்தச் சோதனைகளில் அந்த ஆயில் தேறியது என்பதைக் காட்டும். ஏபிஐயின் எஸ்பி வகை 2020இல் வந்தது, எஸ்என் 2010இல், எஸ்எல் 2001இல். ரெண்டு கேனும் 5டபிள்யூ-30 என்றே இருக்கலாம், ஒன்று எஸ்பி, இன்னொன்று எஸ்எல், விலையில் பாதி. வாரண்டி காலத்தில் அந்த விலை வித்தியாசத்துக்காக எஸ்எல் வாங்கி ஊற்றினால், கம்பெனிக்கு மறுக்க நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி. பழைய எஞ்சினில் கசடு இருப்பது தெரிந்து, அதைக் கரைக்கும் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மொத்தமாகப் பெயர்ந்த கசடு நேராக அந்த வலைக்குத்தான் போகும். நான் சொன்ன மெக்கானிக் அதற்குப் பதில் நல்ல ஆயிலைப் போட்டு, 2,000, 3,000 கிலோமீட்டரிலேயே பில்டரோடு மாற்றி, ரெண்டு மூணு தடவையில் மெதுவாகக் கழுவ விடுவார். வலை ஏற்கனவே அடைத்திருந்தால் சம்பை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆயில் விளக்கு எரியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்; அழுத்தம் மிகவும் இறங்கிய பிறகுதான் அது எரியும், அதற்குள் பேரிங் சேதம் தொடங்கியிருக்கும்.

இனி வாரண்டி. முதலில் கையில் இருக்கும் காகிதம் எது என்று பாருங்கள், மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. வாரண்டி என்றால் தயாரிப்புக் குறைக்குக் கம்பெனி பொறுப்பு. சர்வீஸ் பிளான் என்றால் ஆயில், பில்டர் போன்ற வழக்கமான சர்வீஸ் செலவு. மெயின்டனன்ஸ் பிளானில் தேய்ந்துபோகும் பிரேக் பேடு மாதிரியான சாமான்களும் வரும். செகண்ட் ஹேண்ட் கடையில் வண்டியோடு சேர்த்து விற்கும் நீட்டிப்பு வாரண்டி நாலாவது ஜாதி; அது பெரும்பாலும் இன்சூரன்ஸ் மாதிரியான ஒப்பந்தம், கார் கம்பெனியின் வாரண்டியே இல்லை. அதன் விலக்குப் பட்டியலில் ஆயில் கசடு, தேய்மானம், அதிகச் சூடு என்று முதல் பக்கத்திலேயே இருக்கப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடும்முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

இப்போது சீன வண்டிகளோடு வரும் நீண்ட வாரண்டிகளைப் பார்த்து மயங்குகிறவர்களும் அதிகம். செரி கம்பெனி எஞ்சினுக்கு 10 வருஷம் அல்லது 10 லட்சம் கிலோமீட்டர் என்று சொல்கிறது, ஆனால் முதல் உரிமையாளருக்கு மட்டும். வாரண்டி நீள நீள, அந்தக் காலம் முழுக்க சர்வீஸ் தவறாமல் செய்ததற்கான அத்தாட்சியும் நீள வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஏழாவது வருஷம் எஞ்சின் போனால் மூணாவது வருஷத்து பில்லைக் கேட்பார்கள்.

டீலரிடம் மட்டும்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், வெளியே போனால் வாரண்டி போச்சு என்ற பயம் நம் ஆட்களிடம் ஊறிப்போனது. இது 2021 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து மாறிவிட்டது. தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையம் வாகனச் சந்தைக்கான வழிகாட்டு நெறிகளை அன்றைக்கு அமலுக்குக் கொண்டுவந்தது. அதன்படி வாரண்டி காலத்திலேயே உங்களுக்குப் பிடித்த தனியார் ஒர்க்ஷாப்பில் சர்வீஸ் செய்யலாம், மாற்று உதிரிபாகம் போடலாம், அதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது. புது வண்டி விலையோடு சர்வீஸ் பிளானைக் கட்டாயமாகச் சேர்த்து விற்கவும் கூடாது, தனியாக விலை சொல்லி வேண்டுமா வேண்டாமா என்று கேட்க வேண்டும். நெறிகள் என்பதால் இது நேரடியான சட்டம் கிடையாது, போட்டிச் சட்டத்தை ஆணையம் எப்படிப் பார்க்கும் என்பதன் வெளிப்பாடு. ஆனாலும் கம்பெனிகள் இதை அலட்சியம் செய்வதில்லை.

இதில் பலர் கவனிக்காத மறுபாதி ஒன்று உண்டு. தனியார் ஒர்க்ஷாப்பில் செய்த வேலையால்தான் சேதம் வந்தது என்று பரிசோதித்துக் காட்டினால், அந்தச் சேதத்துக்குக் கம்பெனி கைவிரிக்கலாம். ஆகவே கேள்வி எங்கே சர்வீஸ் செய்தீர்கள் என்பதிலிருந்து எதனால் சேதம் வந்தது என்பதற்கு நகர்ந்துவிட்டது. இது நமக்கு நல்லதுதான், ஆனால் முன்பு டீலரின் கம்ப்யூட்டரில் தானாகப் பதிவான வரலாற்றை இனி நீங்கள்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒர்க்ஷாப்புக்கு வணிகக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள், நெறிகளின்படி அதைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. முற்றத்து மெக்கானிக் கைராசிக்காரராக இருக்கலாம், என் தம்பி முறைக்காரரும் அப்படித்தான், ஆனால் வாரண்டியில் இருக்கும் வண்டியைக் கொண்டுபோனால் அவரே "இப்ப வேணாண்ணா, வாரண்டி முடியட்டும், அப்புறம் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பில் என்றால் வெறும் "மேஜர் சர்வீஸ்" என்று ஒரே வரியும் மொத்தத் தொகையும் உள்ள துண்டுச் சீட்டு பயன்படாது. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 26ஆம் பிரிவில், பொருளின் விவரம், அளவு, ஒவ்வொன்றின் விலை, தேதி, கடையின் பெயர், முகவரி எல்லாம் கொண்ட ரசீது தர வேண்டும் என்கிறது. ஆயிலின் பிராண்டு, தடிமன், தர எண், எத்தனை லிட்டர், பில்டர் எண், அன்றைய கிலோமீட்டர், வண்டியின் தனி அடையாள எண்ணான விஐஎன், இவை எழுதியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று பாருங்கள். அதே சட்டத்தின் 67ஆம் பிரிவு, கழற்றிய பழைய சாமான்களை உங்களிடம் திருப்பித் தரச் சொல்கிறது. பழைய பில்டரைக் கேட்டு வாங்கலாம். கேட்கிற ஆள் என்று தெரிந்தாலே பில்டரை மாற்றாமல் பில் மட்டும் போடும் வேலை நடக்காது. ஆரம்பத்தில் சொன்ன அந்த ஹேட்ச்பேக்கின் சீல்களில் எத்தனை உண்மையான ஆயில் மாற்றம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு, சீலுக்கு நாக்கு இல்லை.

நீங்களே வீட்டில் ஆயில் மாற்றுகிறவரா? ஆயில் வாங்கிய ரசீது, கேனின் பின்பக்கம், மீட்டர் எண், மூன்றையும் அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். வாரண்டி காலத்தில் இதை ஏற்பார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நான் என்றால் அந்தக் காலத்தில் ஒர்க்ஷாப்பிலேயே செய்வேன். வடித்த ஆயிலைச் சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப ரோஸ் அறக்கட்டளை 1994 முதல் நாடு முழுக்க ஏற்பாடு செய்திருக்கிறது.

சட்டம் இன்னும் என்ன தருகிறது என்று சுருக்கமாக. டீலரிடம் வாங்கிய வண்டிக்கு, அது செகண்ட் ஹேண்டாக இருந்தாலும், முதல் 6 மாதத்துக்கு 56ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு: குறை இருந்தால் ரிப்பேர், மாற்றுப் பொருள், பணம் திரும்ப, மூன்றில் எது வேண்டும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ரிப்பேரில் போட்ட சாமானுக்கும் கூலிக்கும் 57ஆம் பிரிவுப்படி குறைந்தது 3 மாத வாரண்டி. டீலர் ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி, என்று எழுதி இதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் தெருவில் தெரிந்தவரிடம், வண்டி வியாபாரம் செய்யாத ஒரு தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் உதவிக்கு வராது. அந்த இடத்தில் கையெழுத்துக்கு முன்னால் ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் ஒரே சட்டம்.

எஞ்சின் போய்விட்டது, டீலர் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினைப் பிரித்துப் பார்க்க உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். வாரண்டி மறுக்கப்பட்டால் பிரித்த கூலி யார் தலையில், எவ்வளவு என்பதை அந்தக் காகிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிரிப்பதற்கு முன் சம்பிலிருந்து ஒரு சுத்தமான பாட்டிலில் ஆயில் மாதிரி எடுத்து, தேதி எழுதி, உங்களிடம் ஒரு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். பைன்டவுன் பக்கம் வெஸ்ட்மீட்டில் இருக்கும் வேர்செக் மாதிரியான ஆய்வகங்கள் சுரங்க லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் காலங்காலமாக ஆயில் சோதனை செய்கின்றன. இரும்பு, செம்பு, ஈயம், சிலிக்கான் எவ்வளவு, பெட்ரோல் கலந்திருக்கிறதா, காரச் சரக்கு மிச்சமிருக்கிறதா, தடிமன் புத்தகத்தில் சொன்னபடி இருக்கிறதா என்று ஒரு அறிக்கை கிடைக்கும். சிலிக்கான் அதிகம் என்றால் தூசி புகுந்திருக்கிறது, ஏர் பில்டரைச் சந்தேகிக்கலாம். பெட்ரோல் அதிகம் என்றால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கேட்கலாம், அது கம்பெனிச் சாமான். கூலன்டின் அடையாளம் தெரிந்தால் கேஸ்கட். கசடு என்ற ஒரே வார்த்தைக்குப் பின்னால் இத்தனை வேறு வேறு காரணங்கள் இருக்கலாம், இவற்றில் சில முழுக்க முழுக்கக் கம்பெனியின் பொறுப்பு.

அந்த ரெண்டு வரிக் கடிதம் வந்தால் போனில் கத்த வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள்: எந்தச் சாமான் முதலில் பழுதானது, கசடு அதற்குக் காரணமா அல்லது அதன் விளைவா, எந்தத் தேதியில் எந்த சர்வீஸ் தவறியது, அதைக் காட்டும் படங்கள் எங்கே, பிசிவி வால்வையும் இன்ஜெக்டரையும் சோதித்தீர்களா. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, 1,200 கிலோமீட்டர் தாமதமான ஒரே ஒரு சர்வீஸைக் காட்டி மொத்த எஞ்சினையும் மறுத்தார்கள். அவர் இந்தக் கேள்விகளை எழுதி அனுப்பியதும், முழுச் செலவையும் இல்லை, சாமான் செலவில் பெரும்பங்கைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது, கூலி அவருடையது. நியாயமான முடிவா என்று கேட்டால் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் முதல் கடிதத்தோடு விட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

பதில் வரவில்லை, அல்லது அதே பாட்டையே திரும்பப் பாடுகிறார்கள் என்றால் மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மனிடம், அதாவது புகார்களைக் கேட்கும் நடுவரிடம், போகலாம். மியோசா என்று சொன்னால் எல்லா டீலருக்கும் தெரியும். நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. எழுத்தில், ரசீதுகளோடு அனுப்ப வேண்டும், அதற்கு முன் டீலருக்கும் கம்பெனிக்கும் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். அங்கேயும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அதற்கு மேல் தீர்ப்பாயம். காலம் பிடிக்கும். அதுவரை வண்டி இல்லாமல் எப்படி வேலைக்குப் போவது என்று அவசரப்பட்டு வேறு இடத்தில் எஞ்சினைச் சரிசெய்துவிடாதீர்கள், பழைய எஞ்சினை ஸ்க்ராப்புக்காரரிடம் போடவும் கூடாது. சாமான் கையை விட்டுப் போய்விட்டால் அப்புறம் யாரும் எதையும் பரிசோதிக்க முடியாது, டீலர் எழுதியது மட்டும்தான் கோப்பில் மிஞ்சும்.